நீங்க அண்ணனா... தம்பியா?

உலகத்தில் ஒரே ஜாடையில் ஏழு பேர் இருப்பார்கள் என்று என் பாட்டி சொல்வாள். என் ஜாடையில் இருக்கிற மற்ற ஆறு பேரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அதில் எவனாவது ஒருத்தன் கடன் வாங்கிவிட்டு என் தெருப் பக்கம் வராமல் இருந்தால் சரி!

என் ஆபீஸ் நண்பருக்கு இந்தக் கவலை நிஜமாகவே உண்டு. அவர் இரட்டைப் பிறவி. அச்சு அசல். சீனியர் டைப்பிஸ்ட் அம்மாள் ஒருவர் அந்தக் காலத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கார்பன்’. டைப்ரைட்டர் ஏலத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் ரிட்டயராகிப் பேரன் எடுத்துவிட்டார். கார்பன் பேப்பரைக் கண்ணால் பார்த்திராத பையன்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆபீஸில் முகத்தைக் காட்டினால் வருகைப் பதிவு செய்யும் மெஷின் வந்த புதிதில், கார்பனின் சகோதரர் டிபன் பாக்ஸ் கொடுக்க வந்தார். மெஷின் பக்கம் சும்மா எட்டிப் பார்த்தார். ‘நன்றி, வருகை பதிவானது’ என்றது மெஷின். கார்பனோ வீட்டில் ஜுரத்தோடு படுத்திருந்தார்! லீவு லெட்டரும் வந்திருக்கிறது, ஆளும் வந்திருக்கிறார்... மேனேஜர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

ஆனால், அதெல்லாம் பழைய கதை. இப்போது ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டால் கார்பன் கால்குலேட்டரை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. “வாங்க, கோழிக்கோடு பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டுட்டு வரலாம்” என்றேன். பிரியாணி என்றால் கார்பன் எங்கும் வருவார். சென்னை சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினோம். அரக்கோணம் தாண்டியதும்தான் விஷயத்தை உடைத்தேன்.

“நடுவுல திரூர்ல இறங்கறோம். பக்கத்துல கொடிஞ்ஞின்னு ஒரு கிராமம்.”

“அங்கே என்ன?”

“அங்கே... உங்களை மாதிரி நிறைய பேர்.”

மனுஷர் என்னைப் பார்த்த பார்வையில் ஏ.சி. இல்லாமலே கோச் குளிர்ந்தது.

*

கொடிஞ்ஞி என்பது கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், திரூரங்காடி பக்கத்தில் இருக்கிற கிராமம். சுமார் இரண்டாயிரம் குடும்பங்கள். தென்னை, பாக்கு, வயல், மசூதி என்று பார்வைக்கு அந்தப் பக்கத்தில் உள்ள எந்த ஊரையும் போலத்தான் இருக்கும். ஆனால், 2008-ல் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது சுமார் 280 ஜோடி இரட்டையர் தேறினார்கள். அதற்குப் பிறகு 400 ஜோடியைத் தாண்டிவிட்டதாகச் செய்திகள் வந்தன. நம் நாட்டில் ஆயிரம் பிரசவத்துக்கு எட்டு, ஒன்பது இரட்டைப் பிரசவம் என்றால், இங்கே சுமார் 45!

திரூரில் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் புட்டும் கடலையும். போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தோம். தமிழும் மலையாளமும்கூட ஒருவகையில் அக்கா தங்கைதானே... ஜாடை அப்படியே இருக்கும், குணம்தான் மாறும். நம் ஊரில் ‘சம்சாரம்’ என்றால் மனைவி. அங்கே ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. “ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார் கார்பன். மூடு கொஞ்சம் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பஸ் பிடித்து செம்மாடு. (ஊர்ப் பெயர்தான். மாடு எதுவும் கண்ணில் படவில்லை.) அங்கிருந்து ஆட்டோ. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. தென்னை மரம் ஒன்று மேலே, ஒன்று தலைகீழாகக் கீழே. “மரமும் இரட்டையா இந்த ஊர்ல?” என்றேன். ஆட்டோக்காரர் மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை. இந்த ஜோக்கை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாரோ, பாவம்!

இரட்டையர் ஊர் உங்களை வரவேற்கிறது என்று ஒரு போர்டு. அதைத் தாண்டி டீக்கடையில் இறங்கினோம். பள்ளிக்கூட நேரம். குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாரி சாரியாகப் போகிறார்கள். முதலில் ஒரு ஜோடி. வெள்ளை முக்காடு போட்ட இரண்டு சிறுமிகள். ஒரே மூக்கு, ஒரே முன்பல் ஓட்டை. “அட!” என்றேன். ஐந்து நிமிஷத்தில் இன்னொரு ஜோடி. “அடடே!” அப்புறம் ஒரு பையன் தனியாக வந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து அதே பையன் மறுபடியும் வந்தான். “இவன் இப்பதானே போனான்?” என்று எழுந்தே விட்டேன்.

டீக்கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் பாலை ஆற்றினார். “அது அவன். இது இவன்” என்றார்.

“எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“இவன் கடன் சொல்வான். அவன் காசு கொடுப்பான்.”

*

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? டீக்கடைக்காரரிடம் கார்பனைக் காட்டி, “இவரும் இரட்டைதான்” என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். அதுவரை நாங்கள் வேடிக்கை பார்க்க வந்த ஆயிரத்தெட்டாவது வெளியூர் ஆசாமிகள். காமிரா தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஊர் அது. அந்த நிமிஷத்திலிருந்து கார்பன் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டார். பெஞ்சில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பழம்பொரி வந்தது. உடனே ஒரு கேள்வியும் வந்தது.

“மற்றேயாள் எவிடெ?”

இன்னொருத்தர் எங்கே? கார்பன் டீயைப் பார்த்துக்கொண்டு, “வேலை இருக்கு, வரலை” என்றார்.

மளிகைக் கடையில் அதே கேள்வி. மீன்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் இளைஞர் கேட்டார். எல்லாருக்கும் சொல்லி வைத்தாற்போல் அதே கேள்வி: “மற்றேயாள் எவிடெ?” நம் ஊரில் தனி ஆளைப் பார்த்தால் ‘சாப்பிட்டீங்களா’ என்பது மாதிரி, அங்கே இரட்டையில் ஒருத்தரைப் பார்த்தால் அடுத்தவரை விசாரிப்பது வழக்கம் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் ‘வேலை இருக்கு’ என்பதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியது.

சரி, இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி?

நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் உடனே பதில் வரும். ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டைப் பிள்ளை! புதுசாகக் கல்யாணமான பெண்கள் கையில் அந்தப் பழம் கிடைத்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள். ஆனால், வாழைப்பழம்தான் காரணம் என்றால் கேரளா முழுக்க அல்லவா ஜோடி ஜோடியாக நடக்க வேண்டும்?

விஞ்ஞானிகளும் வந்து பார்த்துவிட்டார்கள். 2016-ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு வந்து எச்சில், தலைமுடி என்று மாதிரி எடுத்துக்கொண்டு போனது. பரம்பரையா, தண்ணீரா, சாப்பாடா என்று பல யோசனைகள். இதுதான் காரணம் என்று இதுவரை யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஊரில் தெரிந்த பழைய ஜோடி 1949-ல் பிறந்ததாம். அதற்கப்புறம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இந்த ஊர்ப் பெண் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் அங்கேயும் இரட்டை பிறப்பதுண்டு.

இன்னொன்று. இரட்டை என்றால் எல்லாமே அச்சு அசல் இல்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால்தான் அச்சு அசல். உலகத்தில் எங்கே போனாலும் ஆயிரம் பிரசவத்தில் மூன்று, நான்குதான் அப்படி. இரண்டு கரு ஒரே சமயத்தில் உண்டானால், அது சாதாரண அண்ணன் தங்கை ஒரே வயிற்றில் ரூம் எடுத்துத் தங்கிய மாதிரி. ஜாடை ஒத்துப் போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். கொடிஞ்ஞியிலும் ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை என்று ஜோடிகளைப் பார்த்தோம்.

*

மத்தியானம் மழை வலுத்தது. டீக்கடையில் பழக்கமான பெரியவர், பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்திரியும் கோழிக்கறியும். அவர் மனைவிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கும் இரட்டைப் பிள்ளைகள். இருவரும் துபாயில். சுவரில் போட்டோ மாட்டியிருந்தது. ஒரே சட்டையில் இரண்டு பையன்கள்.

“இதில் யார் பெரியவன்?” என்று நான் கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதானே?

அந்த அம்மா சொன்னதை முழுக்கப் புரிந்துகொள்ள எனக்கு மலையாளம் போதாது. பெரியவர் பாதி தமிழில் எடுத்துச் சொன்னார். எட்டாம் மாசமே பிறந்துவிட்டார்களாம். ஒருத்தன் இரண்டு கிலோ, ஒருத்தன் ஒன்றரை. ராத்திரியில் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பத்து நாள் உயிர் ஊசலாடியது. “யார் முதல்ல வந்தான்னு மத்தவங்க பாத்தாங்க. ரெண்டும் மூச்சு விடுதான்னுதான் நான் பாத்தேன்” என்றாராம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இரட்டை என்றால் வேடிக்கை. பெற்றவர்களுக்கு அது இரண்டு பங்கு பால், இரண்டு யூனிஃபார்ம், இரண்டு ஃபீஸ். ஒன்றுக்கு ஜுரம் வந்தால் மறுநாள் மற்றதுக்கு. குறைமாதமும் எடைக் குறைவும் இரட்டைப் பிரசவத்தில் அதிகம். தாய்க்கும் ஆபத்து அதிகம். 2008-ல் இந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து இரட்டையருக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் பெயர் டாக்கா. இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம்.

கிளம்பும்போது அந்த அம்மா கார்பனைப் பார்த்து வாசலில் நின்றபடி கேட்டார். வேறென்ன... “மற்றேயாள் எவிடெ?”

இந்தத் தடவை கார்பன் ‘வேலை’ என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

*

திரூர் ஸ்டேஷன். திரும்பும் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோழிக்கோடும் பிரியாணியும் மறந்தே போயிருந்தது. திரூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் உண்டு. ஆளுக்கொரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கார்பன் தானாகவே ஆரம்பித்தார்.

“எங்கப்பா செத்தப்ப நடந்தது சார். கொள்ளி மூத்தவன் வைக்கணும். நான் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி பிறந்தவன். ஆஸ்பத்திரி சீட்டே இருக்கு. சுடுகாட்டுக்குக் கிளம்பற நேரத்துல எங்க பெரிய பாட்டி ஒரு குண்டு போட்டாங்க. ‘உள்ளே முதல்ல போனவன்தான் கடைசியா வெளியே வருவான். பஸ்ல பாத்ததில்லையா? அதனால ரெண்டாவது பிறந்தவன்தான் மூத்தவன்’னு. ஆளாளுக்குக் கட்சி கட்டிட்டாங்க. அப்பா வாசல்ல கிடக்கார். நாங்க உள்ளே அண்ணனா தம்பியான்னு சண்டை போடறோம். கடைசில மாமா சட்டிய அவன் கைல கொடுத்துட்டார். நான் பாதி வழில திரும்பிட்டேன். அதுலேர்ந்து ஒரே அப்பாவுக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு திதி. அவர் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவார், சொல்லுங்க?”

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“சார், நீங்க அச்சு அசல் இரட்டை. ஒரே கருதான் ரெண்டாப் பிரிஞ்சது. உள்ளே முதல்ல போனவன், அப்புறம் போனவன்னு யாருமே கிடையாது. ஒரே டிக்கெட்ல ஏறினவங்க நீங்க.”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். நான் விடவில்லை.

“உங்க பெரிய பாட்டி தனி ஆள் இல்லை, தெரியுமா? நைஜீரியாவுல யொரூபான்னு ஒரு ஜனம். கொடிஞ்ஞி மாதிரியே அங்கேயும் இக்போ ஓரான்னு ஒரு இரட்டையர் ஊர் இருக்கு. முதல்ல பிறக்கிறவனுக்கு தைவோன்னு பேர், ரெண்டாவதுக்கு கெஹிண்டே. அங்கே ரெண்டாவது பிறந்த கெஹிண்டேதான் மூத்தவன். ‘வெளியே உலகம் எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா’ன்னு தம்பியை முன்னாடி அனுப்பினானாம்!”

“ஆப்பிரிக்காவுலயும் எங்க பெரிய பாட்டி இருந்திருக்காளா?” என்று கார்பன் வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருஷத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இன்னொண்ணும் உண்டு. இரட்டையில ஒண்ணு செத்துப் போச்சுன்னா, கையளவுக்கு மரத்துல ஒரு பொம்மை செதுக்கி வைப்பாங்க. அதைக் குளிப்பாட்டுவாங்க, சட்டை போடுவாங்க, சோறு ஊட்டுவாங்க. மத்தவன் தனியாயிடக் கூடாதாம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். ரயில் வந்தது.

*

தமிழில் ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஜாடை ஒத்துப் போனாலும் ‘ஒற்றுமை’, மனசு ஒத்துப் போனாலும் ‘ஒற்றுமை’. நாம் முதல் ஒற்றுமையைப் பார்த்ததும் இரண்டாவதும் தானாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். சினிமா நம்மைக் கெடுத்துவிட்டது. 1940-ல் பி.யு. சின்னப்பா நடித்த ‘உத்தமபுத்திரன்’ காலத்திலிருந்து எத்தனை இரட்டை வேடம்! எம்.ஜி.ஆரின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ முதல் ‘ஜீன்ஸ்’ வரை, கடைசி ரீலில் இருவரும் ஒன்றாக நின்று வணக்கம் போட்டால் ‘சுபம்’. நிஜத்தில் ஒரு முகத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது லேசு இல்லை. அச்சு அசல் இரட்டைக்கும் கைரேகை வேறு வேறுதான். பன்னிரண்டு நிமிஷ வித்தியாசத்துக்கு அவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர்களிடம் வித்தியாசம் என்று இருந்ததே அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தானே!

ஷொரனூர் தாண்டும்போது, “உங்க செல்லைக் கொஞ்சம் கொடுங்க” என்றார். நம்பரைப் பார்க்காமலே அழுத்தினார். ஆறு வருஷமாகியும் மனப்பாடம். மழைச் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ...” என்றார் கார்பன்.

அந்தப் பக்கம் பெண் குரல். “என்னங்க, போனை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டு யார் போன்ல இருந்து பேசறீங்க? கடைக்குப் போயி எவ்வளவு நேரமாச்சு? கொத்தமல்லியை மறந்துடாதீங்க!”

குரலிலும் அச்சு அசல்!

கார்பன் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“ஏன் சார், நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படி சார் சொல்றது? யாருன்னு சொல்றது? கொழுந்தன்னா, மச்சாண்டார்னா?”

கால் மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செல் அடித்தது. அதே நம்பர். எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து கார்பனின் குரலே வந்தது.

“டேய்... நான் போனே பண்ணலைங்கறேன், நீங்கதான் பேசினீங்கன்னு ஒரே சண்டை இங்கே. கொத்தமல்லி வாங்கலைன்னு திட்டு வேற. நீயாடா?”

“நான்தான்டா” என்றார் கார்பன்.

நான் ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்துவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். பாலக்காடு வந்தது. ஒரு காபி குடித்தேன். கோயமுத்தூர் வெளிச்சம் தெரிந்தபோது திரும்பி வந்தேன். என் செல்லில் சார்ஜ் ஒரு சதவிகிதம். கார்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், யார் அண்ணன்னு முடிவாச்சா?”

“ஆகலை. அடுத்த மாசம் அப்பா திதி. ஒரே இடத்துல பண்றோம். அதை நேர்ல வச்சுக்கலாம்னு விட்டுட்டோம்” என்றார்.